செஞ்சிச் சதுரத்தில் களை இல்லை

1

சென்ற மாதம் இங்கே ஒரு புல்வெளிக்குப் பிறந்தநாள் கொண்டாடினோம். மனிதர்களுக்கு முட்டை கிடைக்காத தேசத்தில் புல்லுக்குக் கேக் வெட்டினார்கள். நிலையத்தில் வேலை செய்யும் எல்லாரும் தங்கள் சர்க்கரை ரேஷனில் ஒவ்வொரு கரண்டி கொடுத்திருந்தோம். கேக்கைத் தின்றவர்களும் நாங்கள்தான். புல் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இது வருஷா வருஷம் நடக்கிற விழா. போன வருஷ விழாவில் என்னை மேடையில் ஏற்றிப் பேசச் சொன்னார்கள், கை தட்டினார்கள். இந்த வருஷம் தட்டை என் கையில் கொடுத்துக் கேக் பரிமாறச் சொன்னார்கள். இரண்டு விழாக்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று ஊரில் பலர் பலவிதமாகப் பேசுவதாகக் கேள்வி. நான் ஒரு தோட்டக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டேன் என்பது அதில் ஒன்று. ஆகவே உள்ளதை வரிசையாக எழுதிவிடுகிறேன். வரிசையாக எழுதுவது ஒன்றுதான் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது.

இந்த இடம் இங்கிலாந்தின் தெற்கே இருக்கிறது. முன்பு ஒரு பிரபு மான் வளர்த்த பூங்கா. பிரபு போய்விட்டார், மான்களை யாரோ சாப்பிட்டுவிட்டார்கள், புல் மட்டும் மிச்சம். அதைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, இந்த நூற்றாண்டு பிறந்த காலத்திலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஒரே பருவத்தில் அதிலுள்ள செடிகளையும் பறவைகளையும் எண்ணி வருகிறார்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் வழக்கமாகச் செய்வதை மட்டும் செய்வார்கள். வேறொன்றும் செய்யக் கூடாது. ஒன்றும் செய்யாமல் இருப்பதைக் கண்காணிக்க ஒரு டாக்டரும் பல உதவியாளர்களும் சம்பளம் வாங்குகிறோம்.

அந்த டாக்டரின் பெயர் பெல்லமி. அறுபதைத் தொடும் வயது, உயரம், வாயில் எப்போதும் அணைந்தே இருக்கும் புகையிலைச் சுங்கான். நான் வந்த முதல் நாளில் அவர் சொன்னது: "ஒரு தடவை எண்ணினால் அது வம்பு. வருஷா வருஷம் எண்ணினால் அது விஞ்ஞானம்."

எங்கள் ஊரில் இரண்டாவதையும் வம்பு என்றுதான் சொல்வார்கள்.

2

செஞ்சியைத் தெரியாதவர்களுக்கு: மூன்று மலை, ஒரு கோட்டை, கணக்கில்லாத ஆடு.

யுத்த காலத்தில் அரசாங்கம் புல்லைக் கண்டுபிடித்தது. அதுவரை அது தரையில் கிடந்தது. இராணுவக் கோவேறு கழுதைகளுக்குத் தீவனம் வேண்டும் என்று தெரிந்ததும் ஓர் இலாகாவில் தீவனப் பிரிவு என்று ஒன்றைத் திறந்தார்கள். அந்தப் பிரிவு செஞ்சிக் கோட்டை மலையடிவாரத்தில், ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்த தரிசு ஒன்றைப் பிடித்து, அதற்குப் 'புல்வெளிப் பூங்கா' என்று பெயர் வைத்தது. பூங்காவில் இருந்தவை: பாறை, கொழுக்கட்டைப் புல், ஊசிப் புல், நெருஞ்சி, கொழிஞ்சி, தும்பை. இல்லாதவை: பூச்செடி, நாற்காலி, நிழல்.

மதராஸில் தாவர சாஸ்திரம் படித்துப் பட்டம் வாங்கியிருந்த எனக்கு அங்கே வேலை கிடைத்தது. வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்பதை இலாகா என்னிடம் மறைக்கவில்லை.

வேலை எளிமையானது. இரண்டு பெரிய சதுரங்கள். ஒன்றுக்கு முள்கம்பி வேலி. ஆடு நுழையக் கூடாது. மற்றது திறந்த வெளி. ஆடு இஷ்டம்போல மேயலாம். பல வருஷம் எண்ணிக்கொண்டே போனால், ஆட்டை வெளியே நிறுத்துவதால் புல்லுக்கும் பறவைக்கும் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். மழை முடிந்து புல் கதிர்விடும் சமயத்தில் ஒரு மரச்சட்டத்தைத் தரையில் வைத்து, சட்டத்துக்குள் இருக்கும் செடிகளை எல்லாம் எண்ண வேண்டும். அதிகாலையில் நடந்து, வானம்பாடி, கவுதாரி, காடை, ஆள்காட்டி என்று கண்ணில் படுவதையும் காதில் விழுவதையும் குறிக்க வேண்டும்.

செஞ்சிச் சந்தைக்குப் போகும் பாதை வேலியை ஒட்டித்தான் போகிறது. ஆகவே எனக்குத் துணைக்குக் குறைவே இல்லை.

"இன்னாம்மா, புல்லு எண்றியா?"

"ஆமாம்மா."

"எங்க வூட்டு ஆடு ஒரு வேளைக்குத் தின்றத நீ ஒரு வாரமா எண்ற. அதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா?"

"குடுக்குறாங்க."

"அப்ப மெதுவாவே எண்ணு தாயி."

என் தகப்பனார் சவரிமுத்துவை நாங்கள் நைனா என்போம். செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்ததும் மற்றவர்கள் வெற்றிலை போடுவார்கள். நைனா யார் கொல்லையில் எவ்வளவு களை மண்டியிருக்கிறது என்று பேசுவார். அவருடைய கொல்லையில் ஒரு கோரைக் கிழங்கு முளைத்தால் அதைக் குடும்பத்துக்கு வந்த அவமானமாக எடுத்துக்கொள்வார். அவர் ஒரு நாள் என் சதுரத்தைப் பார்க்க வந்தார். வேலியைச் சுற்றி நடந்தார். பிறகு கேட்டார்:

"ஏம்மா, நெருஞ்சிக்குக் கம்பி வேலி போட்டுக் காப்பாத்துறியா?"

நான் சிரித்தேன். நைனா சிரிக்கவில்லை.

3

யுத்தம் முடிந்த பிறகு மேற்படிப்புக்கு இங்கே அனுப்பினார்கள். நான் இல்லாதபோது செஞ்சியில் எண்ணும் பொறுப்பு கள குமாஸ்தா குப்புசாமியிடம் போனது. நேர்மையானவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். கேட்காததைச் சொன்னால் உத்தியோகத்துக்கு ஆபத்து என்று அவருக்கு யாரோ ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

படிப்பு முடிந்தும் டாக்டர் பெல்லமி என்னைத் தற்காலிக உதவியாளராக வைத்துக்கொண்டார். காரணம் என் திறமை என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அவருக்கு வேண்டியிருந்தது என் செஞ்சிச் சதுரம். வெப்ப நாட்டில் வருஷா வருஷம் எண்ணப்படும் புல்வெளி வேறு எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சதுரம் தொடரும்வரை நானும் தொடர்வேன் என்பது ஏற்பாடு. கோட்டையைக் கட்டிய ராஜாக்கள்கூட அந்த மண்ணை இவ்வளவு நம்பியிருக்க மாட்டார்கள்.

இங்கே என் அன்றாடம் இதுதான். சதுரத்திலிருந்து அறுத்து வந்த புல்லை ஒரு கொட்டகையில் மேசைமேல் பரப்பி, எது எந்தச் சாதிப் புல் என்று பிரித்துத் தனித்தனித் தட்டில் போட வேண்டும். என்னோடு மூன்று ஆங்கிலேயப் பெண்கள். அதில் டோரிஸ் என்பவள் யுத்தத்தின்போது குண்டுத் தொழிற்சாலையில் இருந்தவள். புல் அதைவிட அலுப்பு என்பாள். நான் தமிழில்தான் எண்ணுவேன், மற்ற மொழியில் எண்ணினால் நடுவில் விட்டுவிடும். கேட்டுக் கேட்டு இப்போது டோரிஸும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" வரை வந்துவிட்டாள். நாலுக்குப் போக மறுக்கிறாள்.

ரேஷன் அலுவலகத்தில் என்ன தொழில் என்று கேட்டார்கள். புல் பிரிக்கிறேன் என்றேன். அதிகாரி தம்மிடம் இருந்த பட்டியலைப் புரட்டிப் பார்த்து என்னை விவசாயக் கூலி என்று பதிந்துகொண்டார். அதனால் எனக்குப் பாலாடைக்கட்டி மற்றவர்களைவிடக் கூடுதல். வயலில் இறங்கி வேலை செய்யக் கூடாது என்பதற்காக என்னை மதராஸுக்குப் படிக்க அனுப்பிய அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

4

போன வருஷ விழாவுக்கு முன்பாக செஞ்சிக் கணக்கு வந்தது. டாக்டர் பெல்லமி அதை நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். பிறகு சுங்கானைப் பற்றவைத்தார். அதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வேலிக்குள் இருந்த சதுரத்தில் நெருஞ்சி இல்லை. கொழிஞ்சி இல்லை. தும்பை இல்லை. கொழுக்கட்டைப் புல் மட்டும் சீராக, அடர்த்தியாக, வாரிவிட்ட தலைமாதிரி நின்றது. காடையும் இல்லை. வேலிக்கு வெளியே, ஆடு மேயும் சதுரத்தில் எல்லாம் பழையபடி.

"வேலி ஒன்று போதும்! ஆட்டை வெளியே நிறுத்தினால் புல்வெளி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது," என்றார்.

எனக்குச் சந்தேகம் இருந்தது. நெருஞ்சியோடு பழகியவர்களுக்கு அது அவ்வளவு மரியாதையாக விலகிப் போகாது என்று தெரியும். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா என்று குப்புசாமிக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது: "படிவத்தில் கேட்கப்பட்ட கட்டங்கள் அனைத்தும் உரியபடி நிரப்பப்பட்டுள்ளன." டாக்டர் பெல்லமிக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் குப்புசாமியைப் பார்த்ததில்லை.

ஆகவே மூன்று பகுதிகள் கொண்ட கட்டுரை ஒன்று தயாரானது. முதல் பகுதி வேலி. இரண்டாம் பகுதி புல்லின் வெற்றி. மூன்றாம் பகுதி முழுவதும் காடை ஏன் அந்தச் சதுரத்தைக் கைவிட்டது என்பது பற்றி. முதலில் அவர் பெயர், அடுத்து என் பெயர். கட்டுரை வெளியானதும் என் உத்தியோகம் நிரந்தரம் என்று விழா மேடையிலேயே சொன்னார். கட்டுரையின் பிரதி ஒன்றைச் செஞ்சியில் உள்ள தீவனப் பிரிவுக்கும் அனுப்பப்போவதாகவும், அதைப் பார்த்தால் அவர்கள் மலையடிவாரம் முழுவதையும் வேலி போட்டு ஆடுகளை வெளியேற்றிவிடுவார்கள் என்றும் மகிழ்ச்சியோடு சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். டோரிஸ் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று கத்தினாள்.

5

விழா முடிந்த கையோடு என் தம்பி அந்தோணி கப்பலில் வந்து இறங்கினான். மோட்டார் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. இருபத்திரண்டு வயது. நடுவழியில் யாரிடமோ வாங்கிய மேல்கோட்டு அவனைவிடப் பெரிதாக இருந்தது. என் அறைக்கு வந்து அடுப்பின்மேல் ஏறி உட்காராத குறையாக உட்கார்ந்தான்.

"இன்னாக்கா குளுரு இது. ஐஸ் பொட்டிக்குள்ள குடித்தனம் பண்ற."

எங்கிருந்தோ தேடிப் பிடித்த அரிசியைச் சோறாக்கி வைத்தேன். ஊர்க் கதை எல்லாம் சொன்னான். கடைசியில் கேட்டேன்:

"நம்ம சதுரம் எப்பிடிடா இருக்குது?"

"ஜோரா இருக்குது. நைனா உட்டுடுவாரா? வருசத்துக்கு ரெண்டு வாட்டி களை எடுக்குறாரு இல்ல."

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"யாரு களை எடுக்குறது?"

"நைனாதான். மொதல்ல ஒண்டியா எடுத்தாரு. அப்பறம் வல்லத்துலேர்ந்து பொம்பளைங்கள இட்டாந்து எடுத்தாரு. உனுக்குத் தெரியாதா? நீ சொல்லித்தான் செய்றாருன்னு நெனச்சேன்."

"நான் ஏன்டா சொல்லப் போறேன்? ஒண்ணையும் தொடக் கூடாதுன்னுதான அதுக்கு வேலி?"

"அது ஆட்டுக்குத்தான சொன்ன? நைனா ஆடா?"

தொடர்ந்து அவனே சொன்னான்:

"சந்தைக்குப் போறவங்க அத்தினி பேரும் அந்த வழியாத்தான் போறாங்க. 'சவரிமுத்து பொண்ணு சீமையில புல்லுக்குப் படிக்கிது, இங்க அவ கொல்லையில நெருஞ்சி மண்டிக் கெடக்குது'ன்னு நைனா காதுபடவே பேசுனாங்க. அவுரு எப்பிடித் தாங்குவாரு? நீயே சொல்லு."

"குப்புசாமி சார் ஒண்ணும் சொல்லலையா?"

"அவுருதான் தண்ணி மொண்டாந்து குடுத்தாரு. 'இப்பத்தான் எண்றதுக்கு லேசா இருக்குது'ன்னாரு."

பிறகு மிச்சம் இருந்த ஒரே நம்பிக்கையையும் விசாரித்தேன்.

"அந்தோணி, அங்க காடை இருந்துதே."

"எந்தக் காடை? ஓ, அதுவா! களை எடுக்கச் சொல்ல காலடியில பம்மிக்கினு கெடந்துச்சு. பொம்பளைங்க முந்தானையப் போட்டு அமுக்கிட்டாங்க. நம்ம வூட்டுக்கும் குடுத்தாங்க. அம்மா மொளகு போட்டு வறுத்துது."

"நீ சாப்ட்டியா?"

"ரெண்டு," என்றான். "நல்லாத்தான் இருந்துச்சு. ஏன்க்கா ஒரு மாதிரி பாக்குற?"

டாக்டர் பெல்லமியின் மூன்றாம் பகுதி அம்மாவின் சட்டியில் முடிந்திருந்தது. அதை எழுத அவர் ஆறு நூல்களைப் புரட்டியிருந்தார்.

6

எனக்கு இருந்த வழிகள்:

அ. சும்மா இருப்பது. கட்டுரை வரும், உத்தியோகம் நிரந்தரமாகும். அந்தோணி ஒருவனுக்குத்தான் தெரியும், அவனுக்கும் தனக்குத் தெரிந்தது என்னவென்று தெரியாது.

ஆ. குப்புசாமிமேல் பழி போடுவது. அரசாங்க வழக்கம் இதுதான். ஆனால் அவர் படிவத்தில் பொய் எதுவும் எழுதவில்லை. 'இங்கே யாராவது களை எடுத்தார்களா' என்ற கட்டத்தைப் படிவம் தயாரித்த மேதைகளே வைக்கவில்லை.

இ. நடந்ததைச் சொல்வது.

அந்தோணி முதல் வழியை ஆதரித்தான். "சொல்லாதக்கா. வேல போவும். அதுகூடப் போவட்டும், நைனாவ நெனச்சு இந்த ஊரே சிரிக்கும். அவுரு உனுக்காகத்தான செஞ்சாரு?"

உண்மைதான். குனிந்து வேலை செய்யும் வயது நைனாவுக்குத் தாண்டிவிட்டது. தன் கொல்லையில் எடுக்க வேண்டிய களையை விட்டுவிட்டு என் சதுரத்துக்கு வந்திருக்கிறார். அதை ஒரு வெள்ளைக்கார சபையில் போய்த் தவறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆனால் மலையடிவாரம் முழுவதும் வேலி போடப் போகிறார்கள். அந்த ஆடுகளுக்குச் சொந்தக்காரர்களை எனக்குத் தெரியும். என்னை மெதுவாக எண்ணச் சொன்ன அம்மாளுக்கு இருப்பதே ஏழெட்டு ஆடுகள்தாம். நெருஞ்சி தானாகப் போய்விடும் என்று இலாகா வேலிக்கு வெளியே நின்று காத்திருக்கும். நைனா மலையடிவாரம் முழுவதும் களை எடுக்க முடியாது. முயன்று பார்ப்பார், அது வேறு.

டாக்டர் பெல்லமியின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, நின்றபடி சொன்னேன். என் தகப்பனார் களை எடுத்தார். காடைகளைப் பிடித்து வறுத்துவிட்டார்கள். என் தம்பி இரண்டு சாப்பிட்டான்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "வறுத்தா?"

"மிளகு போட்டு."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை, இந்த நாட்டில் அதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. கட்டுரையை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். நான் சொன்னதற்கு நன்றி சொன்னார். அடுத்த சில வாரங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வானிலையைப் பற்றி மட்டும் பேசினார். என் உத்தியோகம் தற்காலிகமாகவே இருக்கும் என்பதை நிர்வாகத்திலிருந்து தட்டச்சு செய்த ஒரு வரி தெரிவித்தது. கொட்டகையில் யாரும் நைனாவைப் பற்றிக் கேட்கவில்லை. நான் உள்ளே நுழையும்போது சிரிப்பு நிற்கும், அவ்வளவுதான். டோரிஸ் மட்டும் நேராகக் கேட்டாள்: "உன் அப்பாவை எங்கள் வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு வாரம் அனுப்புவாயா?"

ஒரு நாள் டாக்டர் பெல்லமியே கொட்டகைக்கு வந்தார். செஞ்சிச் சதுரத்தை அப்படியே கைவிடுவதா, முதலிலிருந்து தொடங்குவதா என்று யோசித்ததாகச் சொன்னார். வேலிக்குள் இருப்பதை இரண்டு பாதியாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதியில் என் தகப்பனார் இதுவரை செய்தபடியே வருஷத்துக்கு இரண்டு முறை களை எடுக்கலாம். மறு பாதியில் கால்கூட வைக்கக் கூடாது. இரண்டையும் எண்ணிப் பார்த்தால், களை போனது வேலியாலா கையாலா என்று விளங்கிவிடும்.

"ஒரு பாதியை அவர் உண்மையிலேயே தொடாமல் இருந்தால் உனக்கு இன்னும் ஒரு வருஷம் வேலை கேட்டு வாங்க முடியும். தொட்டால் முடியாது," என்றார்.

எந்தப் பாதி எதற்கு என்பதை மனிதர்கள் முடிவு செய்யக் கூடாது; மனிதர்களுக்கு ஆசை உண்டு. ஆகவே இங்கே நாணயம் சுண்டுவார்கள். மன்னர் தலை விழுந்தால் பாதைப் பக்கப் பாதியில் களை நிற்கும் என்று சொல்லிச் சுண்டினார்.

மன்னர் தலைதான் விழுந்தது. நாட்டுக்கு விடுதலை கிடைத்துவிட்டது. எங்கள் குடும்பத்துக்கு இன்னும் இல்லை.

7

நைனாவுக்கு நான் எழுதியது ஒன்றும் பெரிதல்ல. பாதைப் பக்கம் தொடாதீர்கள், மலைப் பக்கம் எடுங்கள், என் வேலை இதில்தான் இருக்கிறது. எழுதி முடிக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

அவர் பதில் எழுதினார். பேசுகிறபடியே எழுதுவார். "பாதப் பக்கம் நான் எடுத்துக்கறேன். மலப் பக்கம் எத்தினி களை வேணுமோ அத்தினியும் உட்டுடறேன். அந்தண்டை எவனும் போறதில்ல. சீமைக்காரனுக்கு எது எந்தப் பக்கம்னு அங்கேர்ந்து தெரியவா போவுது?"

தெரியப் போவதில்லைதான். அதுதான் கஷ்டம். பாதியை மாற்ற முடியாது, நாணயம் சொல்லியாகிவிட்டது என்று மறுபடி எழுதினேன். ஒரு விவசாயியிடம் 'காசு சுண்டிப் பார்த்தோம், நீங்கள் ஊர் முன்னால் தலைகுனிய வேண்டும் என்று வந்தது' என்பதை எத்தனை மரியாதையாக எழுதினாலும் அது அப்படித்தான் இருக்கிறது.

அதற்கு அவரிடமிருந்து பதில் இல்லை. அம்மா எழுதும்போது நைனா நலம் என்று ஒரு சொல் இருக்கும். அதற்கு மேல் இருக்காது. மழைக் காலம் அங்கே வந்து போயிற்று. வேலிக்குள் என்ன முளைத்தது, யார் கை எதன்மேல் பட்டது என்று தெரியாமல் இங்கே உட்கார்ந்து ஆங்கிலேயப் புல்லைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

இதற்குள் அந்தோணி சீமைக்காரனாகிக்கொண்டிருந்தான். ஒரு நாள் வாசல் கேட்டில் இடித்துக்கொண்டு அந்தக் கேட்டிடம் "ஸாரி" என்றான். நைனாவை 'ஓல்ட் மேன்' என்று குறிப்பிட்டான். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இன்னாக்கா? இங்க எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க."

"ஊர்ல போயி சொல்லு."

"உனுக்கு மட்டும் இன்னா," என்றான். "நீ அவுர ஒரு காசு சுண்டித் தோக்கடிச்ச."



8

இந்த வருஷ விழாவுக்குச் சில நாள் முன்பு செஞ்சிக் கணக்கு வந்தது. குப்புசாமி இம்முறை படிவத்தின் ஓரத்தில் தம் கையாலேயே கோடு போட்டு ஒரு புதுக் கட்டம் சேர்த்திருந்தார். தலைப்பு: 'இதர விவரங்கள்.' அவர் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய புரட்சி இருக்க முடியாது.

பாதைப் பக்கப் பாதியில் நெருஞ்சி திரும்பியிருந்தது. கொழிஞ்சி திரும்பியிருந்தது. தும்பை பூத்திருந்தது. நைனா அதைத் தொடவில்லை; மலைப் பக்கத்தில் மட்டும் களை எடுத்திருந்தார். காடைச் சத்தமும் ஒரு காலையில் கேட்டதாம்.

நான் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். பிறகு தொழில் புத்தி விழித்துக்கொண்டது. பாதைப் பக்கப் பாதியில் மட்டும் கரிச்சான் என்று எழுதியிருந்தது. ஒரு முறை அல்ல, எண்ணப் போன ஒவ்வொரு காலையும். அந்தச் சதுரத்தில் நான் கரிச்சானைப் பார்த்ததே இல்லை. உட்கார்ந்து பூச்சி பார்க்க அதற்கு உயரமான இடம் வேண்டும். இடுப்பளவு வேலியைத் தவிர அங்கே ஒரு குச்சிகூடக் கிடையாது.

புதுக் கட்டத்தில் குப்புசாமி விளக்கியிருந்தார். கரிச்சான் உட்காருமிடம்: பலகையின் மேல். பலகை நட்டவர்: திரு ம. சவரிமுத்து. பலகையின் வாசகத்தையும் பிழையில்லாமல் பிரதி எடுத்திருந்தார்:

"இந்தக் களை சீமை உத்தரவுப்படி விடப்பட்டிருக்கிறது. இதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. ம. சவரிமுத்து, வல்லம்."

வெள்ளைக்காரன் கப்பலேறிப் போன பிறகும் அவன் உத்தரவின் பேரில் நிற்பது எங்கள் பக்கத்தில் அந்த நெருஞ்சி ஒன்றாகத்தான் இருக்கும்.

டாக்டர் பெல்லமிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். மறுபடி ஒரு முறை சொல்லச் சொன்னார். சிரிக்கவில்லை. "அவர் சொல்வது சரி. அந்தக் களைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை," என்றார். பிறகு அவருக்கும் தொழில் புத்தி வந்துவிட்டது. ஒரு பாதியில் பலகை, அதனால் கரிச்சான், அதனால் வெட்டுக்கிளி குறையும். மறு பாதியில் இது எதுவும் இல்லை. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? பலகையை எடுத்துவிடச் சொல்ல முடியுமா?

முடியும். எடுத்தால் மறுநாள் நைனா களைவெட்டியோடு இறங்குவார், அவரைத் தடுக்க அங்கே யாரும் இல்லை என்றேன். டாக்டர் என்னைப் பார்த்தார். ஊர் முன்னால் நிற்க நைனாவிடம் இருப்பது அந்த ஒரு பலகைதான் என்பதை எனக்கு ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் நான்தான் சொன்னேன்: "மலைப் பக்கத்திலும் ஒரு பலகை நட்டுவிடலாம். அதே மரம், அதே அளவு, அதே உயரம்."

யோசித்தார். "வாசகமும் ஒன்றாக இருக்க வேண்டாமா?"

"கரிச்சானுக்குப் படிக்கத் தெரியாது."

ஒப்புக்கொண்டார். இன்னும் ஒரு வருஷத்துக்கு எனக்கு வேலை இருக்கிறது, தற்காலிகமாக. விழாவில் கேக் தட்டைக் கையில் கொடுத்தார்கள், பரிமாறினேன். அந்தோணிக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அதைத் தின்றுகொண்டே கேட்டான்:

"அந்தப் பலகையில இன்னா எழுதறது?"

"அது நைனா இஷ்டம்னு எழுதிட்டேன்."

நேற்றைய தபாலில் குப்புசாமியிடமிருந்து இதர விவரங்கள் வந்தன. இரண்டாவது பலகை நடப்பட்டது. அதே மரம், அதே அளவு, அதே உயரம். மலைப் பக்கம் பாதையிலிருந்து தூரம். சந்தைக்குப் போகிறவர்கள் நின்று படிக்க வேண்டுமானால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். அளவு மாறக் கூடாது என்ற நிபந்தனையால் இரண்டு சொல்லுக்கு மேல் இடம் போதவில்லையாம். நைனா கரியால் கோடு போட்டு, கூட்டிக் குறைத்துப் பார்த்து, பிறகு சுண்ணாம்பில் எழுதியிருக்கிறார்:

"சவரிமுத்து எடுத்தது."